சொந்தக்காரர் பட்டியலில் இடம் போதவில்லை

அன்பு மகள் தபிதாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் பிரிஸ்பேன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறோம். தீவில் போன் டவர் காற்றில் சாய்ந்து மூன்று வாரம் ஆகிறது, சரிசெய்ய வந்த ஆள் ஏதோ ஒரு சாமானை மறந்துவிட்டேன் என்று வந்த விமானத்திலேயே திரும்பிப் போய்விட்டான், அதனால்தான் இந்தக் கடிதம். எனக்கும் இதுதான் வசதி, போன் என்றால் நான் பாதி சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். தென்கிழக்குக் காற்று ஓய்ந்தபாடில்லை, தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, சிங்கி இறாலுக்குப் போகிற படகெல்லாம் ஐந்தும் பத்துமாகக் கொண்டு வருகின்றன. உன் பெரியப்பா கிவாட் மட்டும் நேற்று இருபது பிடித்தேன் என்கிறார், பார்த்த சாட்சி யாரும் இல்லை.

உன் கடிதம் வந்தது, நாலு தடவை படித்தேன், கடைசித் தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அத்தனை பெரிய ஆடிட்டர் ஆபீஸில் நீ ஒருத்திதான் நம் தீவு ஆள் என்பதும், எந்தக் கூட்டமானாலும் அந்த மண்ணின் பூர்வகுடிகள் பெயரால் வரவேற்புச் சொல்ல உன்னையே கூப்பிடுகிறார்கள், இது என் மண் இல்லை, இந்த மண்ணுக்காரர்கள் வேறு என்று நீ சொன்னால் பரவாயில்லை நீயே சொல் என்கிறார்கள் என்பதும் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஆனால் உன் படத்தை வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒட்டிவைத்துவிட்டு, மத்தியானம் சாப்பிடும்போது உன் பக்கத்து நாற்காலியை மட்டும் காலியாக விட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. பரீட்சை தேறியது போதும், ஊருக்கு வந்து நம் ஊர்க் கடையில் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அம்மா ஏற்கெனவே உன் காதில் போட்டிருந்தாலும் என் வாயால் கேள்.

நீ தேறிய செய்தி மார்ச் மாதம் வந்த அன்றைக்கே, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், மீன்பிடிச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, அடுத்த வருஷம் முதல் நம் ஆடிட்டர் என் மகள்தான் என்று அறிவித்துவிட்டேன். கைதட்டல் ஓய ஐந்து நிமிஷம் ஆனது. ஜனங்களைக் குறை சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு புது ஆடிட்டர் விமானத்தில் வந்து இறங்கி, முதல் நாள் முழுக்க வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் நாள் அதே கேள்விகளைக் கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது. போன வருஷம் வந்தவர் தானியேல் மாமாவின் கல்லறைக் கல் திறப்பு விருந்துக்குச் சங்கம் கொடுத்த இரண்டு பன்றிகளைப் பிடித்துக்கொண்டார். இறந்தவர் சங்கத்துக்கு என்ன வேண்டும், செத்து ஒரு வருஷம் கழித்து எதற்கு விருந்து, இதனால் தொழிலுக்கு என்ன ஆதாயம் என்று எழுதிக் கேட்டார். சங்கத்தின் முதல் படகை ஓட்டிய மனிதருக்குக் கல் திறக்கிற நாளில் சங்கம் கையை மடக்கிக்கொண்டு நின்றால், மறுநாள் எவன் நமக்கு இறால் கொண்டுவந்து போடுவான்? இதை விளக்க எனக்கு ஏழு பக்கம் ஆனது, அதற்குப் பிறகும் ‘மேலிடத்தின் பார்வைக்கு’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுத்தான் போனார். உனக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, அந்தப் பன்றிகளைக் குழியில் சுட இலை பறித்தவளே நீதானே. அதனால்தான் என் வாய் முந்திக்கொண்டது.

பிறகுதான் நீ உன் ஆபீஸ் படிவத்தை அனுப்பினாய், சங்க நிர்வாகிகளில், வேலை செய்கிறவர்களில் உனக்குச் சொந்தம் யார் யார் என்று. ஆறு பேருக்குக் கோடு போட்டிருந்தார்கள், ஆறு! உன் அம்மா அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து ஒரு வாரம் எழுதினாள், தாள் போதாமல் மூன்று தாள் ஒட்டினாள், தத்துக் கொடுத்த பிள்ளைகளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று சர்ச்சில் போய்க் கேட்டாள், கடைசியில் நாற்பத்தொன்று வந்தது. சங்கத்தில் மொத்தமே நாற்பத்துமூன்று பேர். மிச்சம் இரண்டு பேரில் ஒருவர் டீசல் மெக்கானிக், அவரும் போன மாதம் உன் அத்தை மகளைக் கேட்டிருக்கிறார். சொந்தக்காரர் கணக்கைச் சொந்தக்காரர் தணிக்கை செய்யக் கூடாது என்று நீ எழுதியபோது எனக்குக் கோபம்தான் வந்தது, நம் பிள்ளை வேண்டும் என்றுதானே படிக்க வைத்தோம், நம் பிள்ளை என்பதாலேயே கூடாதாம்.

தலைவர் நெருங்கிய சொந்தமாக இல்லாமல் இருந்தால் போதுமென்று நினைத்து, நான் தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன். அந்த இடத்தில் கிவாட் பெரியப்பா உட்காரட்டும், அவர்கள் கணக்கில் அப்பாவின் அண்ணன் அவ்வளவு நெருக்கம் இல்லை, கட்டத்தில் டிக் போடாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று யோசனை சொன்னவரும் அவரேதான். நானும் அதற்குத் தலையாட்டினேன், மறைக்கவில்லை. அதற்கு நீ எழுதிய பதிலை நான் இன்னும் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். “அவங்க கணக்குல அவர் யாரோவா இருக்கலாம்ப்பா. என் கணக்குல அவரும் எனக்கு அப்பாதான். அந்தக் கட்டத்துல நான் பொய் எழுதினா, நாளைக்கு எந்தக் கட்டத்துல நான் நிஜம் எழுதுறேன்னு யார் நம்புவாங்க?” இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் பெருமையாக இருந்தது, ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை, அதற்குள் ஊர்க் கேலி தொடங்கிவிட்டது. கடைக்குப் போனால், என்னண்ணே, ஆடிட்டர் எப்போ வர்றாங்க என்று ரொட்டி எடுத்துக் கொடுக்கிறவள் வரை கேட்கிறாள்.

இப்போது புதுச் செய்திக்கு வருகிறேன். ரக்பி போட்டிக்கு எதிர்க்கரைத் தீவுக்குப் போனோம், முப்பத்திரண்டுக்கு ஆறு என்று தோற்றோம், அதைப் பற்றி மேலே எழுதுவதாக இல்லை. ஆட்டம் முடிந்து அவர்கள் சங்கத் தலைவர் அபியாவும் நானும் ஒரே நிழலில் உட்கார நேர்ந்தது. அவருக்கும் அதே தலைவலி, அதே சிவப்பு மை, அவர் தங்கை மகள் கெசியா பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள், அவளைப் படிக்க வைத்து ஆடிட்டர் ஆக்கப் போவதாகப் பெருமை பேசினார். உங்கள் சொந்தக்காரர் பட்டியலை எழுதிப் பார்த்தீர்களா என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் தோற்ற வருத்தம் பாதி குறைந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆமைப் பாறையில் மீன்பிடிப்பது யார் என்று வந்த சண்டைக்குப் பிறகு எழுபது வருஷமாக அவர்கள் பெண்ணை நாம் எடுத்ததில்லை, நம் பெண்ணை அவர்களுக்குக் கொடுத்ததில்லை. அம்மா இரண்டு நாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள், ஒரு சொந்தமும் இல்லை. அவர்கள் கணக்கை நீ பார்க்கலாம், நம் கணக்கை அந்தப் பெண் பார்க்கலாம். அந்தச் சண்டையால் நமக்கு ஒரு லாபம் வந்தது இதுதான் முதல் தடவை.

ஆனால் அவர்கள் சங்கத்தில் படிப்புக்கென்று பணம் கிடையாது, நம்மிடம்தான் இருக்கிறது. நம் பணத்தில் அவர்கள் பெண்ணைப் படிக்க வைப்பது என்று கூட்டத்தில் சொன்னேன், கூரை பறக்காதது ஒன்றுதான் குறை. நம் பாறையைப் பறித்துக்கொண்டவர்களுக்கு நம் இறால் காசா என்று கிவாட் தொப்பியைத் தரையில் போட்டார். அவள் தேற எத்தனை வருஷம் ஆகும் என்று ஒருவர், தேறிவிட்டு நம் புத்தகத்தில் வஞ்சம் தீர்த்தால் என்ன செய்வது என்று இன்னொருவர். உன் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “நம்ம தபிதா அங்க ஒத்தையா இருக்கா. ஒருத்தி இருந்தா படம் ஒட்டி வச்சுப் பெருமைப்பட்டுக்கலாம். ரெண்டு பேர் இருந்தாத்தான் வேலை நடக்கும். அந்த ரெண்டாவது ஆளு எந்தக் கரையில பொறந்தா எனக்கென்ன” என்றாள். கிவாட்தான் முதலில் கையைத் தூக்கினார், தொப்பியை அப்புறம் எடுத்துக்கொண்டார். உன் ஆபீஸ்காரர்களுக்கும் அபியா எழுதினார், வேலை பார்த்துக்கொண்டே படிக்க ஜனவரியில் சேர்த்துக்கொள்கிறார்களாம்.

போன சனிக்கிழமை கெசியா தன் அம்மாவோடு படகில் நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். எழுபது வருஷத்தில் அந்தக் கரையிலிருந்து நம் படி ஏறிய முதல் ஆட்கள், அம்மா தேங்காய்ப்பாலில் கிழங்கு வேக வைத்துப் போட்டாள். பெண் ஒல்லி, அதிகம் பேசவில்லை, இரண்டு தட்டு சாப்பிட்டாள். பணத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை, தங்குமிடம் பற்றியும் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “அந்த அக்கா அங்க இருப்பாங்கல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

நாக்கு நுனி வரைக்கும் ‘இருப்பாள்’ என்று வந்துவிட்டது, தபிதா. மார்ச் மாதத்து ஆளாக இருந்தால் அங்கேயே வாக்குக் கொடுத்திருப்பேன். என் மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் சரி என்று தலையசைத்துவிட்டுப் படகில் ஏறிக்கொண்டாள். அதனால்தான் கேட்கிறேன். சங்கத் தலைவர் கேட்கவில்லை, அப்பா கேட்கிறேன். உன்னை வீட்டில் பார்க்க வேண்டுமென்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியும், நீ இல்லாமல் இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடிகிறதே தவிர வேறொன்றும் நடப்பதில்லை. முடியவில்லை என்றால் வந்துவிடு, யாரும் ஒரு வார்த்தை கேட்க விடமாட்டேன், படகை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். இருக்கிறேன் என்றால், ஜனவரியில் சாப்பிடும்போது உன் பக்கத்து நாற்காலியில் ஒருத்தி வந்து உட்காருவாள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் வைக்காமல் போட்டுக்கொள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வியாழக்கிழமை விமானத்துக்குள் பதில் போட்டுவிடு, உன் பதில் வரும்வரை அந்தப் பெண் பெட்டி கட்ட மாட்டாள் என்று அபியா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நீ எதைச் சொன்னாலும் உன் அப்பா,
எனோசா