நாற்காலியின் பின்பக்கம்

ஜூன் 7, சனி

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். மூட மனமில்லையென்றால் படியுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவிடம். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

இன்றும் நான் அக்காவாக இருந்தேன்.

மியூசியத்தில் ரிப்பேர் வேலை நடக்கிறது. அதனால் சனிக்கிழமை காலை குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு கம்ப்யூட்டரில்தான். மியூசியத்தின் அறைகளைத் திரையில் சுற்றிக் காட்டி, பார்த்ததை வைத்து வரையச் சொல்ல வேண்டும். அக்கா நடத்திவந்த வகுப்பு. ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்று அவள் பெட்டியைத் தூக்கியபோது அப்பா சொன்னார், "வாசலத் தாண்டினா இந்த வீட்ல உன் பேரே இருக்காது." தாண்டினாள். அப்படியே ஆயிற்று. 'பெரியவ' என்றுகூட இங்கே யாரும் சொல்வதில்லை. தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு அக்கா எப்போதாவது போன் பண்ணுகிறாள் என்று அம்மா ஒருமுறை குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் என் காதோடு சொன்னாள்.

மியூசியம் மேடத்திடம் அவள் எதுவும் சொல்லாமலே போயிருக்கிறாள். "அடுத்த வகுப்புக்கு என்ன திட்டம்?" என்று மெயில் வந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் கணக்கு திறந்தே கிடந்தது. நான் பதில் போட்டேன். ஏன் போட்டேன்? அந்த இடமும் காலியாகிவிட்டால் அவள் நிஜமாகவே இல்லை என்று ஆகிவிடுமே — அதனாலா?

எங்கள் இருவர் குரலையும் போனில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன். சனிக்கிழமை அம்மாவுக்கு ஆஸ்பத்திரி டூட்டி. அப்பா மரப்பட்டறையில். அப்பாவுக்குத் தெரிந்தால்? என் பேரும் இல்லாமல் போகுமா?

ஜூன் 11, புதன்

இரண்டாம் அறையில் ஒரு ராணியின் ஓவியம் இருக்கிறது. மியூசியத்தைப் படம் பிடித்த கம்ப்யூட்டர் அவளை நிஜ மனுஷி என்று நினைத்து, பார்வையாளர் முகங்களை மறைப்பதுபோல அவள் முகத்தையும் மங்கலாக்கி வைத்திருக்கிறது. பாவம். நகை எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, முகம் மட்டும் இல்லை.

இதுதான் சனிக்கிழமை வகுப்பு. ராணிக்கு முகம் கொடுக்கச் சொல்லப் போகிறேன்.

ஜூன் 14, சனி

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வாலு என்று பேர் போட்டுக்கொண்டு வருகிற பையன் ராணிக்கு மீசை வைத்தான். "எங்க ஹெட்மாஸ்டர் டீச்சர்!" குண்டூசி தன் அம்மா முகத்தையே வரைந்தாள். "ஆனா எங்கம்மா கிட்ட சொல்லாதீங்க டீச்சர், மூக்கு பெருசா போச்சு."

புதிதாக ஒரு குழந்தை. பேர் பம்பரம். கேமராவும் இல்லை, பேச்சும் இல்லை. வகுப்பு முடியும்போது மட்டும் எழுத்தில் ஒரு கேள்வி: "டீச்சர் சாப்டாச்சா?"

"ஆச்சு கண்ணு" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

கணினியை அணைத்ததும் வீடு என்னை அமுக்குவதுபோல இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று பள்ளியில் கணக்கு டீச்சர் மட்டும்தான் என்னிடம் பேசினார். "எங்க இருக்க நீ?" அது பேச்சில் சேருமா?

ஜூன் 21, சனி

நான்காம் அறையில் ஒரு பழைய நாற்காலி. தரையில் இருக்கும் அம்புக்குறிகளை அழுத்தித்தான் நகர முடியும், அந்த அம்புகள் நாற்காலிக்குப் பின்னால் போவதே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் முன்பக்கம்தான். "அப்ப பின்னாடி என்னதான் இருக்கும்? நீங்களே வரைஞ்சு மெயில்ல அனுப்புங்க" என்றேன்.

"குரங்கு வால்!" "ரகசியக் கதவு!" "யாரோ ஒட்டின பபிள்கம்!" ஒரே கூச்சல். பம்பரம் இன்றும் வந்தது. இன்றும் அதே கேள்வி. யாரோ ஒரு குழந்தை என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

படங்கள் வந்தன. வால், கதவு, பபிள்கம், எல்லாம் இருக்கிறது. பம்பரத்தின் படத்தில் குரங்கும் இல்லை, கதவும் இல்லை. நாற்காலியின் பின்பக்கம் மட்டும். குறுக்குச் சட்டம், அது காலில் சொருகும் இடம், அங்கே அடித்த ஆப்பு. ஒவ்வொரு கோட்டின் இரண்டு முனையிலும் குட்டி அம்பு, நடுவில் அளவு. தச்சு வேலைக்கான பட்டைப் பென்சிலின் தடித்த கோடு. போட்டோவின் ஓரத்தில், தாளைப் பிடித்திருக்கும் வார்னிஷ் பட்ட கட்டைவிரல்.

எந்தக் குழந்தை இப்படி வரையும்? கற்பனை செய்யச் சொன்னால் அளவெடுத்து அனுப்புகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அப்பா மியூசியத்தின் அறிவிப்பில் அக்கா பேரைப் பார்த்திருப்பார். அவள்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்து கேட்கிறார். சாப்டாச்சா என்று கேட்டது அவளை.

ஜூன் 27, வெள்ளி

சாப்பிடும்போது அப்பா சொன்னார், "நாளைக்கு அந்த நீலச் சட்டைய இஸ்திரி போட்டு வை."

"மரத்தூள்ல நிக்க இஸ்திரிச் சட்டையா? மாப்பிள்ள மாதிரி!" என்று அம்மா சிரித்தாள்.

வகுப்பில் அவர் கேமராவைப் போடவே மாட்டார். யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தும்.

சொல்லாமல் விட்டால் அவர் வாரா வாரம் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு ஏமாறுவார். சொன்னால்...

ஜூன் 28, சனி

சொல்லிவிட்டேன்.

இன்று பம்பரம் கூடுதலாகக் கேட்டது. "படிப்பு நல்லா போகுதாம்மா?" குழந்தை வேஷம்கூட மறந்துவிட்டது அவருக்கு. வாலுவின் படத்தைப் பாராட்ட வாயெடுத்தவள், "நான் உங்க டீச்சர் இல்ல. டீச்சரோட தங்கச்சி. இவ்வளவு நாளா நான்தான் பேசினேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அப்ப அடுத்த வாரம் உண்டா, இல்லயா?" என்றான் வாலு. அவனுக்கு அதுதான் கவலை.

பம்பரத்தின் பேர் திரையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இல்லை.

மேடத்துக்கும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

அப்பா இருட்டியபிறகுதான் வந்தார். கத்தவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி சாப்பிட்டுக் கையைக் கழுவினார். கத்தியிருந்தால் தேவலை. ஒருதரம் அவராகவே அவளை விரட்டினார், இந்தத் தரம் அவரிடமிருந்து அவளைப் பிடுங்கியது நான். அவர் அந்த வகுப்பில் எவ்வளவு தனியாக உட்கார்ந்திருப்பார்? நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாதிரியேதானே?

கூடத்தில் விளக்கு இன்னும் எரிகிறது. நடக்கிறார். நிற்கிறார். மறுபடி நடக்கிறார்.

அறைக்கு வெளியே நின்றுவிட்டார்.

கதவைத் தட்டுகிறார். இந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டியதே இல்லை.

"அம்மாடி... முழிச்சிருக்கியா? பெரியவ நம்பர் உங்கம்மாகிட்ட—