நெரெய்தாவின் காரில் வெட்டிய மூடி குறித்து, முன்பு புகார் செய்தவனே எழுதும் மனு

அனுப்புநர்:
எவரிஸ்தோ கியாலா,
ஆய்வுக்கூட உதவியாளர் (ஓய்வு), சர்க்கரை ஆலை,
லாஸ் ஹிகராஸ், சியென்ஃபுயேகோஸ் மாகாணம், கியூபா.

பெறுநர்:
வாகனத் தகுதிச் சோதனை அதிகாரி அவர்கள்,
மாகாண அலுவலகம்.

பொருள்: நெரெய்தா போஃபில் என்பவரின் வாடகைக் கார் மீது நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல், மறுசோதனை கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது புகார், நாள் பிப்ரவரி 4.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி காரின் டிக்கித் தரையில், பெட்ரோல் டேங்குக்கு நேர்மேலே, சதுரமாக வெட்டி மூடி போட்டிருப்பதைப் பார்த்துப் புகார் எழுதியவன் நான். என் மனைவி ஒமைதா வாரம் மூன்று நாள் அந்தக் காரில்தான் டயாலிசிஸுக்குச் செல்வார். பயத்தில் எழுதிவிட்டேன். ஓட்டுநரான நெரெய்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

2. பிப்ரவரி 19 அன்று, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கரும்புக் காடுகளுக்கு நடுவே கார் நின்றுவிட்டது. பெட்ரோல் பம்பு போய்விட்டதாம். அது டேங்குக்குள் இருப்பது. டேங்கையே கழற்றி இறக்க வேண்டும், ஒமைதாவின் முறை தவறிவிடும் என்று நினைத்தேன். நெரெய்தா எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்; பேட்டரி வயரைக் கழற்றினார்; நான் புகார் செய்த அதே மூடியைத் திறந்து, பழைய பம்பை எடுத்து, கைவசம் வைத்திருந்த வேறொன்றைப் பொருத்தினார். ரப்பர் வளையத்தைத் துடைத்து வைத்து மூடினார். என் கடிகாரப்படி பதினான்கு நிமிடம். மூக்கை வைத்துப் பார்த்தேன், பெட்ரோல் வாசனையே இல்லை. ஒமைதாவும் நேரத்துக்கு டயாலிசிஸ் படுக்கையில் இருந்தார்.

3. சிகிச்சை முடிவதற்குள், காரில் செய்திருந்த மற்ற மாற்றங்களையும் காட்டச் சொல்லி நெரெய்தாவிடம் கேட்டேன். ஆயில் ஃபில்டரை நின்றபடியே கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றியிருக்கிறார். ஆயில் இறக்க, குழாய் திறப்பதுபோல ஒரு திருகு. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள வலைக்குக் கீல் வைத்துக் கதவாக்கியிருக்கிறார். காரணம் கேட்டதற்கு, "காருக்கடியில படுத்து எந்திரிக்க முதுகு விடமாட்டேங்குது அண்ணே. முதுக மாத்த முடியல, கார மாத்திட்டேன்" என்றார். முப்பது வருடம் கருவிகளோடு வேலை செய்தவன் நான். பழுதுபார்க்கும் கையை நினைத்து இவ்வளவு அக்கறையாகச் செய்த வேலையைக் கண்டதில்லை.

4. அன்றே தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். 26ஆம் தேதி தங்கள் ஊழியர்கள் வந்து, மூடியை வெல்டிங் செய்து அடைக்கும்வரை உரிமம் இல்லை என்று கூறிச் சென்றனர். அவர்கள் கடமையைச் செய்தார்கள். இப்போது ஒமைதா நெடுஞ்சாலைவரை குதிரை வண்டியிலும், பிறகு லாரியில் நின்றபடியும் போய்வருகிறார். புகார் எழுதியவன் நான்தான் என்று அவரிடம் சொன்னபோது, "அவ பொழப்புல மண்ணள்ளிப் போட்டது நீங்கதானா? இனிமே லாரில எனக்கு இடம் புடிக்க வராதீங்க" என்றார்.

5. நெரெய்தாவிடமும் நேரில் போய்ச் சொன்னேன். ஓடாத காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "நீங்களா அண்ணே?" என்றார். துணியைக் காரின்மேல் போட்டார். பிறகு, "பயந்தா எழுதத் தெரியுதுல்ல? இப்ப பாத்தத எழுதுங்க. ஒரு வரிகூட கூட்டி எழுதாதீங்க" என்றார். அவ்வாறே எழுதியுள்ளேன்.

ஆகவே, அடைக்கச் சொன்ன உத்தரவை நிறுத்திவைத்து, அந்த மூடியைத் தங்கள் முன்னிலையில் திறந்து மூடச் செய்து, கசிவு உண்டா என்று சோதித்து முடிவெடுக்க வேண்டுகிறேன். குறை கண்டால் திருத்திக்கொள்ள அவர் தயார். சோதனைக்காக அந்தக் காரை ஓட்டிவர அனுமதித்தால், நானும் ஒமைதாவும் அதன் பின்சீட்டில் உட்கார்ந்து வருவோம். இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னவர் ஒமைதா.

இடம்: லாஸ் ஹிகராஸ்
நாள்: மார்ச் 6

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
எவரிஸ்தோ கியாலா