நடைமுறைக்கு வரும் நாள்

மார்ச் 3, செவ்வாய்

காலைப் பிரார்த்தனையை முடித்துக்கொண்டு கீழே பட்டறைக்குப் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். பதினொரு பேரில் பத்துப் பேர். ரேடியோ இல்லை. மகளுக்குக் காய்ச்சலாம். அட்டைப்பெட்டி தைக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்தால் அவள் வாய் சாயங்காலம்தான் ஓயும், அதனால்தான் அந்தப் பெயர். அவள் வராத நாளில் பட்டறையே ஊமையாகிவிடுகிறது.

மதியம் புதுச் சட்டத்தை மூன்று தடவை படித்தேன். குடும்பப் பராமரிப்பு விடுப்பு. பெற்றவர், துணை, பிள்ளை யாராவது கடும் நோயில் கிடந்தால் வருடத்துக்குப் பத்து நாள், சம்பளத்தோடு. எழுதியவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். ஆனால் கடைசி வரி: ‘அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்.’ அது எந்த நாள்? ஓரத்தில் கேள்விக்குறி போட்டுக் கோப்பில் வைத்தேன்.

இவர் எட்டிப் பார்த்து, “என்ன வக்கீலம்மா, இன்னைக்கு யார் பக்கம் தீர்ப்பு?” என்றார். சிரிக்கட்டும். நான்கு வருடத்துக்கு முன் ஆய்வாளர் வந்து “விடுப்புக் கணக்கு எங்கே?” என்று கேட்டபோது நெஞ்சைத் தொட்டுக் காட்டி “இங்க இருக்கு சார்” என்றவர்தானே. ஆய்வாளர் சிரிக்கவில்லை. வேலையாட்கள் முன்னால் இவரை நிற்கவைத்து மன்னிப்புக் கடிதம் வாங்கினார். அன்றைக்குத்தான் பதிவேடுகளை எல்லாம் மாடிக்குத் தூக்கி வந்தேன். எட்டாவதோடு நின்றவள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டம் படித்தேன். அதன் பிறகு இரண்டு ஆய்வு. ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை.

பெருமைதான். ஆண்டவன் மன்னிக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

தொழிலாளர் அலுவலகம் போனேன். வாராவாரம் போய் அறிவிப்புப் பலகையில் இருப்பதைக் கையால் எழுதி வருவது என் வழக்கம். இன்று ஐந்து காகிதம், ஐந்தும் பழசு. நாள் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

ரேடியோ மாடி ஏறி வந்தாள். வாசலிலேயே நின்றாள். “அக்கா, அம்மாவுக்கு ரொம்ப முடியலக்கா.”

நேற்று ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். “கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது. எப்ப வருவே, எப்ப வருவேன்னு ஒரே பேச்சு. ரெண்டு நாள்ல வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

கணக்கைப் பார்த்தேன். சேர்ந்திருந்த விடுப்பெல்லாம் தீர்ந்தது. சம்பளமில்லா விடுப்பு மாதத்துக்கு மூன்று நாள். மகள் காய்ச்சலில் மூன்றும் போயிற்று. இனி ஒரு நாள் வராவிட்டாலும் தொடர்பணி முறியும். ஐந்து வருடம் முறியாமல் இருந்தால்தான் பணிக்கொடை. அவளுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. தனியாளாக மகளை வளர்க்கிறவள். அந்தத் தொகைதான் மகளின் மேல்படிப்பு என்று அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்!

எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். “புதுச் சட்டம் வருதும்மா. வந்துட்டா பத்து நாள் அம்மா கூடவே இருக்கலாம், எதுவும் முறியாது. இன்னைக்கோ நாளைக்கோ நாள் சொல்லிடுவாங்க. கொஞ்சம் பொறு.”

இவர் பின்னாலிருந்து, “போயிட்டு வரட்டுமே. வந்ததா போட்டுடு” என்றார்.

“பொய் வருகை நான் எழுதமாட்டேன். நாளைக்கு ஆய்வுல தெரிஞ்சா அவ சர்வீஸே போயிடும்.”

அவள் என்னைப் பார்த்து, “நீங்க சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்” என்று இறங்கிப் போனாள்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று ரேடியோ பேசவில்லை. இயந்திரச் சத்தம் மட்டும் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது.

மார்ச் 11, புதன்

அவளுடைய தம்பி போன் செய்தானாம். அம்மா கண்ணைத் திறந்து திறந்து கதவையே பார்க்கிறாளாம். “அக்கா, நாள் வந்துச்சா?”

“நாளைக்கு வியாழக்கிழமை. முதல் வேலையா போய்ப் பார்த்துட்டு வர்றேன்.”

தப்பாகவா சொன்னேன்? இல்லை. எட்டு மாதம் கழித்து அவள் என்னைத்தான் நினைத்துக்கொள்வாள்.

மார்ச் 12, வியாழன்

அலுவலகக் கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். பலகையில் அதே ஐந்து காகிதம். நாள் இல்லை.

திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். அட்டையை எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். மூன்று நாற்பதுக்கு அவள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. பசை மேசைக்காரர்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

அப்புறம் இவர் கீழே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு அவளையும் மகளையும் தானே ஊருக்குக் கூட்டிப் போனார். என்னைக் கேட்கவில்லை. பதிவேட்டையும் கேட்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

முன்னால் வருகைப் பதிவேடு. அவள் பெயருக்கு நேரே என்ன எழுதுவது?

மார்ச் 16, திங்கள்

பட்டறை உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தபாலில் ஒரு வாரம் சுற்றியிருக்கிறது. வேறொரு விஷயமாக எழுதியது. கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி: ‘மார்ச் 1ஆம் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள குடும்பப் பராமரிப்பு விடுப்பையும் உறுப்பினர்கள் கவனத்தில் கொள்ளவும்.’

முதல் தேதி.

அவள் மாடி ஏறி வந்தது ஒன்பதாம் தேதி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் படித்தேன். ஒன்றுதான். ஒன்றுக்குப் பக்கத்தில் வேறு எண் எதுவும் இல்லை. ஆண்டவனே, ஒரு சுழியாவது அழிந்து போயிருக்கக்கூடாதா?

மார்ச் 17, செவ்வாய்

வியாழன் வரை பொறுக்க முடியவில்லை. அலுவலகம் போய், பலகைக்குப் பொறுப்பான எழுத்தரிடம் கேட்டேன். ஏன் ஒட்டவில்லை?

“எல்லாம் இப்ப இணையத்துலதாம்மா. போன மாசத்துலேருந்து பலகைல போடுறதில்ல. அதையும் போட்டிருக்கோமே, பாக்கலியா?” மூலையில் விரலைக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுச் சீட்டு. ‘இனி அறிவிப்புகள் வலைத்தளத்தில் மட்டும்.’ கீழே முகவரி.

அந்தச் சீட்டைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வியாழன் பார்த்திருக்கிறேன். அது சட்டம் இல்லை, குப்பை போடாதீர் மாதிரி ஏதோ என்று விட்டுவிட்டேன். பலகையில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் எழுதினேன், அதை மட்டும் எழுதவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பாவம், நாற்காலி கொடுத்து உட்காரவைத்து விவரம் கேட்டார். கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“சட்டம் வரலேன்னே வைங்கம்மா. அப்பவும் நீங்க அனுப்பியிருக்கலாமே. முதலாளி சம்மதிச்சுக் குடுக்கற லீவுல தொடர்பணி முறியாது. ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். சட்டம் சொல்றது கொறஞ்சபட்சம். இதுக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு எங்கயும் எழுதலியே?”

எழுதவில்லை. நான்கு வருடம் படித்தேன். எங்கேயும் எழுதவில்லை.

மார்ச் 18, புதன்

இவரிடம் சொன்னேன். சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“அவகிட்ட சொல்லாதே” என்றார். “சொன்னா போன உசுரு வருமா? உன் பாரத்தை எறக்கி அவ தலைல வைக்கப்போறே, அவ்வளவுதான்.”

அதுவும் நியாயம்தானே? சொல்வது அவளுக்காகவா, எனக்காகவா?

கையைக் கழுவிக்கொண்டு வந்து, “முன்னெல்லாம் யார் கேட்டாலும் போயிட்டு வான்னுதான் சொல்வேன்” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு, யாரைப் பற்றியோ சொல்வதுபோல.

அவளுக்குப் பத்து நாள் விடுப்பு போட உட்கார்ந்தேன். அந்தச் சட்டம் உயிரோடு இருப்பவரைப் பார்த்துக்கொள்ளத்தான். இறந்தபின் பொருந்தாது. பேனா நின்றுவிட்டது. “குடு” என்றார் இவர். “எந்தப் பத்தியில இருக்குன்னு தேடாதே.” பதின்மூன்றாம் தேதியிலிருந்து இருபத்தெட்டு வரை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம்தான் ஆயிற்று.

மார்ச் 20, வெள்ளி

பிரார்த்தனை வரவில்லை. கண்ணை மூடினால் ஒரு கதவு. அதையே பார்த்துக்கொண்டு ஒரு கிழவி.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஒற்றை அறை வீடு. மகள் மூலையில் படித்துக்கொண்டிருந்தாள். “ஐயோ, அக்கா நீங்களா! உட்காருங்க, உட்காருங்க” என்று பாயை உதறி விரித்தாள். தண்ணீர் கொடுத்தாள். நான் கேட்காமலேயே பேச ஆரம்பித்தாள், பழைய ரேடியோ மாதிரி. அம்மா கடைசியில் என்ன பேசியது என்று தம்பி சொன்னதை எல்லாம் சொன்னாள். “‘ரெண்டு நாள்னாளே, இன்னைக்கு எத்தனாவது நாள்’னு கேட்டுச்சாம். தம்பி ரெண்டாவது நாள்தாம்மான்னு பொய் சொல்லியிருக்கான். நாலாவது நாள்க்கா அன்னைக்கு.” சொல்லிவிட்டு, “என்ன பண்றது, சட்டம் வரலியே. நீங்களும் எனக்காக எவ்வளவு அலைஞ்சீங்க” என்றாள்.

அதற்கு மேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

முதல் தேதி, துண்டுச் சீட்டு, எழுத்தர் சொன்னது, ஒன்று விடாமல் சொன்னேன். காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப நான் வந்து நின்ன அன்னைக்கே சட்டம் இருந்துச்சு.”

“இருந்துச்சும்மா.”

“இல்லேன்னாலும் அனுப்பியிருக்கலாம்.”

“அனுப்பியிருக்கலாம்.”

மகளைப் பார்த்தாள். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பக்கம் புரட்டுவது நின்றிருந்தது.

“நீங்க படிக்காமயே இருந்திருந்தா, அண்ணன் அன்னைக்கே போன்னு சொல்லியிருப்பாரு. இல்லக்கா?”



டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன், கழுவி வைக்கலாம் என்று. “வெச்சுட்டுப் போங்க” என்றாள்.

மார்ச் 30, திங்கள்

விடுப்பு முடிந்து இன்று வேலைக்கு வந்துவிட்டாள். எட்டு ஐம்பதுக்கே. என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நானும்.

ஏப்ரல் 2, வியாழன்

இனி ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு கட்டம்: நிறைவேறிய நாள், நடைமுறைக்கு வந்த நாள். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் தினம் காலையில் வலைத்தளத்தைப் பார்க்க வேண்டும். போனில் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நான் பார்த்ததை உரிமையாளர் சங்கத்து எழுத்தரும் சரிபார்ப்பார். தனியாக ஒரு கண் போதாது.

கோப்பை மாடியில் என் அலமாரியில் பூட்டி வைத்திருந்ததே தப்பு. சட்டம் எனக்கா, அவர்களுக்கா? எல்லா விடுப்பு விதிகளையும் பெரிய எழுத்தில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டேன், வலைத்தள முகவரியோடு. மேலே இவர் தன் கையால் ஒரு வரி எழுதினார்: ‘இதில் இல்லாத கஷ்டம் வந்தால் நேரே வந்து கேளுங்கள்.’

வேலை முடிந்ததும் எல்லோரும் கூடி நின்று படித்தார்கள். “அடேங்கப்பா, இத்தனை இருக்கா! வக்கீலம்மா ஒளிச்சுல்ல வெச்சிருக்காங்க” என்று பசை மேசைக்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோ சிரிக்கவில்லை. சுவருக்கு வெகு அருகில் நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். எல்லோரும் போன பிறகும் படித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 11, சனி

பட்டறையில் பேச்சு திரும்பிவிட்டது. கீழேயிருந்து அவள் குரலும் கேட்கிறது. நான் படி இறங்கினால் நிற்கிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் ரேடியோ மாடி ஏறி வந்தாள். இந்த நாற்பது நாளில் முதல் முறை. “வாம்மா, உள்ளே வா, உட்காரு” என்றேன். வாசலிலேயே நின்று ஒரு தாளை நீட்டினாள்.

விடுப்பு விண்ணப்பம். மகளின் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம், நாளை அரை நாள். திருத்தமான கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. ‘மதிப்பிற்குரிய நிர்வாகிக்கு’ என்று தொடங்கி, எந்த விதி, எந்த உட்பிரிவு, அது நடைமுறைக்கு வந்த நாள், எல்லாம் எழுதியிருந்தாள். சரிபார்த்தேன். எல்லாம் சரி.

“இதுக்கெல்லாம் எழுதணுமாம்மா? வாயால சொன்னா போதாதா?”

“இருக்கட்டும்.”

அனுமதிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நகல் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“நன்றி மேடம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.