வண்டி சோதிக்கக் கற்றவர்கள்

2008 ஆகஸ்ட் 3. கூத், ஈராக்

இன்று நாற்பத்தொரு வண்டிகளைச் சோதித்தோம். தர்பூசணி, சிமெண்ட், ஒரு கல்யாணப்பெண். எங்கள் ஜார்ஜியா சின்ன நாடு, பெரிய நாடான அமெரிக்காவுக்காக இங்கே நின்றால் நாளை அது நமக்காக நிற்கும் என்கிறார்கள். எங்கள் கூடாரத்தில் மந்திரி வீட்டுப் பிள்ளை ஒருவனும் இல்லை.

ஆகஸ்ட் 8

எங்கள் நாட்டில் போர். ரஷ்ய டாங்கிகள் எல்லை தாண்டிவிட்டன. நன்றாகப் பயிற்சி பெற்ற இரண்டாயிரம் பேர் நாங்கள் இங்கே, யாருடைய சாலையிலோ.

அப்பாவுடன் போனில் பேசினேன். டாங்கி வரும் வழியில்தான் எங்கள் ஊர். பக்கத்து வீட்டு நோதாருடன் கிளம்பச் சொன்னேன்.

"தோட்டத்துல பீச் பழம் பழுத்து நிக்குது ஐயா. விட்டுட்டு எப்பிடி வர்றது?"

ஆகஸ்ட் 9

நாடு திரும்ப விமானம் இல்லை. இன்றும் சாலையில் நிற்கவைத்தார்கள். நின்றேன். அப்பா போனை எடுக்கவில்லை.

கூடாரத்தில் என் பக்கத்துப் படுக்கைக்காரன் மல்காஸ் கேட்டான்: "டாங்கி எதுக்க வந்தா என்னடா பண்ணுவ? டிக்கியத் தொறன்னு சொல்லுவியா?"

யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 11

அமெரிக்க விமானம் எங்கள் தலைநகர் திபிலீசியில் இறக்கிவிட்டது. இறக்கியதோடு சரி.

ஆகஸ்ட் 12

தலைநகருக்கு வெளியே சோதனைச் சாவடி. இதைத் தாண்டிப் போக உத்தரவு இல்லை. தப்பி வருகிற நம் ஜனங்களின் வண்டிகளைச் சோதிக்கிறோம்.

நோதாரின் கார் வந்தது. தெரிந்த கார்தான். இருந்தும் கையை உயர்த்தி நிறுத்தினேன், இறங்கச் சொன்னேன், டிக்கியைத் திறக்கவைத்தேன். மெத்தை, இரண்டு கோழி. அதன் பிறகுதான் முன் இருக்கையைப் பார்த்தேன். காலி.

"எடம் வெச்சுக்கிட்டு ஒங்கப்பாவக் கூப்பிட்டேன்டா. 'எம் பையன் பட்டாளத்துல இருக்கான், அவங்க வந்துருவாங்க'ன்னுட்டு பழம் பறிக்கிற ஏணிய விட்டு எறங்கவே இல்ல."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். போகச் சொல்லிக் கைகாட்டினேன்.

ஏன் நான் ஒண்ணும் கேக்கல? துப்பாக்கியத் தூக்கிட்டு நடந்தே போயிருக்கலாம்ல — போகல. அடுத்த வண்டி டிக்கியத் தொறந்தேன்.

ஆகஸ்ட் 13

முப்பத்தாறு வண்டிகள்.

அக்டோபர் 11

ரஷ்யர்கள் பின்வாங்கிவிட்டார்கள். ஊருக்குப் போனேன். வீட்டில் சுவர் மட்டும் நிற்கிறது. அப்பாவைத் தோட்டத்திலேயே யாரோ புதைத்திருக்கிறார்கள். ஆழமாகத் தோண்ட நேரம் இல்லை என்று தெரிகிறது. பலகையில் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள்.

அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

2009 செப்டம்பர் 2

மறுபடி அமெரிக்காவுக்காக, ஆப்கானிஸ்தானுக்கு ஆள் எடுக்கிறார்கள். நான் பெயர் கொடுத்தேன். மல்காஸ் கொடுக்கவில்லை. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா?" என்றான்.

அசம்பாவிதம் என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று படிவத்தில் கேட்டிருந்தது. நோதார் என்று எழுதினேன். உறவு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.