இரண்டு முள் கம்பி

ஜூன் 4, செவ்வாய்

ஆணி வந்தது. இரண்டு பெட்டியில் துரு. திருப்பி அனுப்பிவிட்டேன். லாரிக்காரன் முகம் போன போக்கு!

கடைக்குட்டியின் வகுப்பில் இணையதளம் போடுகிறார்களாம். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் நம் ஊர் தனி நாடு கேட்ட கதைதான் விஷயம். இவளும் இரண்டு தோழிகளும் ஒரு குழு.

"உங்களுக்கு அப்ப என்னப்பா வயசு?"

"இருபத்துநாலு. கடை போட்டு ஒம்பது மாசம்."

மற்றதைப் பிறகு சொல்கிறேன் என்று தட்டிக்கழித்தேன்.

ஜூன் 6, வியாழன்

கடை மாடியில் மூவரும் கணினியும் கையுமாக. தேநீர் கொண்டுபோகிற சாக்கில் காது கொடுத்தேன். பரவாயில்லை, சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் தனி நாடு என்று அறிவித்தது, ஆட்கள் பாலத்தில் போய் உட்கார்ந்தது, அரசாங்கத்துக்கு ஓர் ஆணிகூட விற்பதில்லை என்று கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டது (நானும் போட்டேன்). பத்தொன்பதாம் நாள் விடிந்தபோது பாலத்தின் நம் பக்கத்து முனையில் அரசாங்கம் போட்ட முள்கம்பி வேலி. உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சோறு தண்ணீர் போகவில்லை. மூன்றே நாளில் இயக்கம் படுத்துவிட்டது.

அடுத்த வரி: "கம்பியை விற்றுக் காட்டிக்கொடுத்தவர், கடைத்தெருவில் அப்போது இரும்புக்கடை வைத்திருந்தவர்."

"யாரு சொன்னா?" என்றேன்.

"ஊரே சொல்லுதுப்பா. அவரு மச்சான் அப்ப அரசாங்க உத்தியோகமாமே."

கீழே வந்து, கீல் கேட்டவருக்குத் தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 8, சனி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். விற்றது நான்.

அப்போது ஊரில் முள்கம்பி விற்றது இரண்டே கடை, அந்தப் பழைய கடைக்காரருடையதும் என்னுடையதும். அவர் முடிச்சுக்கு நான்கு முள் நீட்டும் கம்பி மட்டும்தான் வைப்பார். நான் மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு முள் வாங்கிப் போட்டேன், நாய்கூடச் சீண்டவில்லை. அரசாங்க அதிகாரி ஒருவர் பின்வாசலில் வந்து நின்றார். இருந்த சுருளையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

விற்றதற்கு இன்றும் வெட்கப்படவில்லை. தனி நாடு என்பது எனக்கு விளையாட்டாகத்தான் தெரிந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டிருந்தேனே? சரி, அது தப்புதான். அதைவிட — ஊர் அவரைப் பிடித்துக்கொண்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஒரே வருஷத்தில் அவர் கடையை மூடினார். அவருடைய வாடிக்கையெல்லாம் என்னிடம் வந்தது. சொந்தக் காலில் நின்றவன் என்று வியாபாரிகள் சங்கத்தில் பேசுகிறேன். யாருடைய கால்?

மனைவிக்குத் தெரியும். "இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு? சங்கத் தேர்தல் வேற வருது" என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

மகள் பழைய செய்தித்தாள் படம் ஒன்றைக் கணினியில் பெரிதாக்கி எடுத்து வந்தாள். அந்த வேலி. கடையிலேயே வளர்ந்த பெண். கண்ணைக் கட்டிவிட்டாலும் கம்பியின் கனம் சொல்வாள்.

"அப்பா, இது ரெண்டு முள்ளு."

"ம்."

"அந்தத் தாத்தாகிட்ட நேத்து பேசினோம். ரெண்டு முள்ளைக் கையால தொட்டதே இல்லைங்கிறாரு. அப்ப யாருப்பா வித்தா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் ஒரு கதை விட்டிருப்பேன். "நாந்தான்" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வெள்ளிக்கிழமை போடறோம். நீங்கதான்னு எழுதவா?"

இரண்டு நாள் பொறு என்றேன்.

ஜூன் 10, திங்கள்

மகள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். என்னோடு உட்காரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பழைய கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். எழுபத்திரண்டு வயது. முன்னறையில் தையல் மெஷின் பழுதுபார்க்கிறார். சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன்.

திருப்புளியைக் கீழே வைக்காமலே, "தெரியும்டா" என்றார். "அன்னைக்குக் காலையிலேயே தெரியும். இது ரெண்டு முள்ளு, என் சரக்கில்லைடான்னு தெருவுல நின்னு கத்தினேன். கம்பியை எவன் உத்துப் பாத்தான்? என் மூஞ்சியைத்தான் பாத்தானுங்க. உன் பேரைச் சொன்னா, தொழில் பொறாமைன்னானுங்க."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"இதை என்கிட்ட வந்து ஏன் சொல்றே? எனக்கா தெரியாது? தெருவுல சொல்லு, போ."

உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம். வீட்டுக்கு வந்து மகளிடம், "எழுதிக்கோ" என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

இணையதளத்தில் வந்துவிட்டது. படத்துக்குக் கீழே: "இந்தக் கம்பியை விற்றவர் என் அப்பா. முப்பத்திரண்டு ஆண்டுகள் பழி சுமந்தவர் வேறொருவர்." கொஞ்சம்கூடப் பூசி மெழுகவில்லை. என் பெண்தான்.

ஜூன் 18, செவ்வாய்

சங்கத்திலிருந்து போன். இந்தத் தடவை தேர்தலில் நிற்க வேண்டாமாம். கடைத்தெருவில் எனக்கு 'ரெண்டு முள்ளு' என்று பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் மனைவி. சொன்னாள்தான்.

ஜூன் 30, ஞாயிறு

மூன்று வாரத்துக்குப் பிறகு மகள் இன்றுதான் கடைக்கு வந்தாள். வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பதினோரு மணிவாக்கில் பழைய கடைக்காரர் படியேறினார். என் கடையில் அவர் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. கூட்டம் விலகி வழி விட்டது.

"வீட்டுக்குப் பின்னால வேலி சாஞ்சுபோச்சு. ஒரு சுருள் கம்பி வேணும்."

"எத்தனை முள்ளு தாத்தா?" என்றாள் மகள்.

"நான் எப்பவும் நாலு முள்ளுதாம்மா!" — தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

சும்மாவே கொடுத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கொடுத்திருந்தால் அந்தக் கம்பியாலேயே விளாசியிருப்பார். விலையைச் சொன்னேன். "கொள்ளையாடா அடிக்கிறே?" என்றார். கால் மணி நேரம் பேரம். நான் இறங்கவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் மகள் குறுக்கே வந்து ஒரு விலை சொன்னாள். இருவருமே வாயை மூடிக்கொண்டோம்.

வேலையாளைக் கூப்பிடவில்லை. சுருளை நானே தூக்கிக்கொண்டு போய், முன்வாசலில் நின்ற வண்டியில் ஏற்றினேன்.