துரையின் காற்றுத் துப்பாக்கி

போடி மலை, ஏலத்தோட்டம்
1912, ஐப்பசி

அப்புவுக்கு மகன் திருப்பதி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். ஆத்தாவின் இருமல் குறைந்ததா? பிள்ளை பெற்ற பேச்சிக்கு உடம்பு தேறிவிட்டதா?

பிறந்த என் பிள்ளையைப் பார்க்க லீவு கேட்டேன். துரை தன் காற்றுத் துப்பாக்கியைக் காட்டி, அதைச் சரிசெய்துவிட்டுப் போ என்றார். எவ்வளவு உயர்த்திப் பிடித்தாலும் குண்டு இலக்கு அட்டைக்குக் கீழேதான் விழுந்தது. "மாப்ளே, துரை கையில மம்பட்டியக் குடு. அவரு மண்ணைத்தான் தோண்டுறாரு" என்று கங்காணி மொக்கையன் சிரித்தார். திருகாணிகளை இறுக்கினேன், பலனில்லை. கழற்றிப் பார்த்தால், காற்றை அடைத்துப் பிடிக்கும் தோல் வளையம் சுருங்கி, காற்றைக் கசியவிட்டுக் கிடந்தது. பனியில் துருப்பிடிக்கும் என்று, ஏலக்காய் உலர்த்தும் சூட்டறையில் துப்பாக்கியை வைக்கச் சொன்னதே துரைதான். காயோடு சேர்ந்து தோலும் காய்ந்துவிட்டது. எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். நேற்று சுட்ட குண்டெல்லாம் நடுவட்டத்தில் பட்டன.

துரைக்கு ஒரே குஷி. இனி ஞாயிறுதோறும் பக்கத்துத் தோட்டத்துத் துரைகளோடு பந்தயமாம். "நீ போயிட்டா இதை யாரு பாக்குறது?" என்று லீவை மறுத்துவிட்டார். அவர்கள் விளையாட்டுக்கு முன்னால் நம் வீட்டுப் பிள்ளை ஒரு பொருட்டா? சண்டை போட மாட்டேன், பயப்படாதீர்கள்.

குளிருக்குத் தலையில் கட்ட, பேச்சியின் பழைய சேலையில் ஒரு துண்டு கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம். பிள்ளை யார் சாடை என்றும் எழுதுங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பொதிமாட்டுக்காரர் கிளம்பிவிட்டார். எனக்காகக் காத்திராமல் பேர் வைத்துவிடுங்கள்.

திருப்பதி