ஆர்வோ நிறுத்திய பக்கம்

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவின் முழங்காலையும் என் இடுப்பையும் கணக்கில் சேர்க்காவிட்டால் ரொம்பவே நலம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்பது நீ அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. மாப்பிள்ளை கடற்கரையில் சட்டை இல்லாமல் நிற்கிறார். இங்கே ஜன்னலில் பாதிவரை பனி, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உன் அம்மா இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அவரைத் தொப்பியாவது போட்டுக்கொள்ளச் சொல், அந்த ஊர் வெயில் பொல்லாதது என்று எங்கோ படித்தேன்.

ஹீட்டர் ரிப்பேர் வேலையை விட்டபிறகு நான் வீட்டில் உட்கார்ந்து உன் அம்மாவுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும். "சம்பளம் தராட்டியும் பரவாயில்ல, எங்கயாவது போய்த் தொலைங்க" என்று அவள் துரத்தியதில்தான் நூலகத்தின் பழைய புத்தகக் கடையில் தொண்டு வேலைக்குச் சேர்ந்தேன். கடை எங்கே இருக்கிறது தெரியுமா, கீழ்த்தளத்தில், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது குழந்தைகள் பகுதியாக இருந்த அதே அறையில். சனிக்கிழமை காலையில் உன் ஈர பூட்ஸை வெந்நீர்க் குழாய் ஓரத்தில் காயவைத்துவிட்டு நாம் இருவரும் தரையில் உட்கார்ந்து படிப்போமே, நான் படிப்பதாகச் சொல்லித் தூங்குவேனே, அந்த அறை. சுவரில் வரைந்திருந்த பெரிய கடமானைக்கூட யாரும் அழிக்கவில்லை. போர் வரலாற்று அலமாரியை அதன் முன்னால் தள்ளிவிட்டதால் கொம்பு மட்டும் மேலே தெரிகிறது. வாசனையும் அப்படியே இருக்கிறது, நனைந்த கம்பளியும் பழைய காகிதமும் கலந்த வாசனை. முதல் நாள் அங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெட்டி தூக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்றுதான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், தூக்கியது இரண்டு நாள், பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் என்னிடம் வேறு தகுதி உண்டு. ஊரில் பாதி வீட்டுக்குள் போய் ஹீட்டர் பார்த்தவன் நான், இயந்திரம் சூடாகும்வரை அவர்கள் அலமாரியைத்தான் மேய்ந்துகொண்டிருப்பேன். அதனால் ஒரு பெட்டி வந்து இறங்கினால் இது யார் வீட்டுச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். விலை போடுவதற்குமுன் ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதற வேண்டும் என்பது கடையின் சட்டம். மக்கள் எதையெல்லாமோ உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஒருமுறை பொரித்த பன்றி இறைச்சித் துண்டு ஒன்று விழுந்தது, சமையல் புத்தகத்திலிருந்து அல்ல, ஆன்மிகப் புத்தகத்திலிருந்து.

லெம்பியை உனக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்தில் உனக்கு நூலக அட்டை போட்டுக் கொடுத்த அதே லெம்பிதான். இப்போது கடையில் புத்தகம் பிரிக்கும் மேசைக்கு அவள்தான் ராணி. போன குளிர்காலத்தில் அவள் கணவர் ஆர்வோ போய்விட்டார் என்று எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவர் ஒரு துப்பறியும் நாவலைப் படித்துக்கொண்டிருந்தார், முடிய நாற்பது பக்கம் இருக்கும்போது மீன்பிடி அனுமதிச் சீட்டை அடையாளமாக வைத்துவிட்டுக் கண்ணை மூடியவர்தான். லெம்பி அந்தப் புத்தகத்தைப் பையிலேயே வைத்திருந்தாள். முதலிலிருந்து படிப்பாள், சீட்டு வரும் பக்கம்வரை வருவாள், மறுபடி முதலுக்குப் போய்விடுவாள். "ஏம்மா, மீதியையும் படிச்சிட வேண்டியதுதானே" என்று ஒருநாள் வாயை விட்டுவிட்டேன். "அவரு தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டாரு டேல். யாரு கொன்னாங்கன்னு தெரியாமயே போயிட்டாரே. நான் மட்டும் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றாள். அந்த ஒன்றுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இப்போது உன் அப்பாவின் லட்சணத்தைக் கேள். காதலர் தினத்துக்குக் கடையில் ஒரு வழக்கம், புத்தகங்களைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, பெயரை மறைத்து, மேலே இரண்டு வரி மட்டும் எழுதி விற்போம், முகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொள்வது மாதிரி. அந்த இரண்டு வரி எழுதும் வேலை எனக்கு. நான்தான் எழுத்தாளன் ஆகியிருக்க வேண்டியவன் என்ற நினைப்பில் சுற்றிச் சுற்றித் தள்ளினேன். லெம்பி தொலைபேசியை எடுக்கப் போகும்போது தன் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் முதல் பக்கத்தில் ஒரு பல் வைத்தியர் வருவதைப் பார்த்தேன், "பல் பிடுங்கப் பயப்படுபவர்கள் பகலில் மட்டும் படிக்கவும்" என்று எழுதினேன், ஒட்டினேன். உதறவில்லை.

கடை மூடும் நேரத்தில் அவள் பையைத் தேடினாள், மேசையைத் தேடினாள். நான் காகிதச் சுருளைப் பார்த்தேன், அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பொட்டலங்கள் எல்லாமே விற்றுப்போயிருந்தன. சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அவள் அந்தச் சுவர் மானின் கொம்புக்குக் கீழே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னதும், "உங்க கையில பசையைக் குடுத்தா ஊரையே பொட்டலம் கட்டிடுவீங்க" என்றாள், ஆனால் மறுநாளே முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். முடி வெட்ட அல்ல, விசாரிக்க. என்னை ஊர்வம்பன் என்பாயே, நான் அவளிடம் பாடம் படித்தவன். பல் என்று எழுதிய பொட்டலத்தை யார் வாங்கியது என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது, பென்ஹேல். பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறானே, நம் வீட்டு வாசலில் மட்டும் மலை கட்டிவிட்டுப் போவானே, அவனேதான். மறுநாள் பல் பிடுங்கப் போகிறவன் வேறு எதை வாங்குவான்?

அவன் வண்டிக் கொட்டகையில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தான், மடியில் புத்தகம். முழுக் கதையையும் சொன்னேன். "அந்த மீன் சீட்டு இருந்த எடத்துலயே இருக்கு, நான் அடையாளம் வச்ச காப்பிக்கடை ரசீது வேற பக்கம்" என்றான். அப்படியானால் கொடு என்றேன். "நான் காசு குடுத்து வாங்கினது. முடிச்சிட்டுத் தர்றேன். நடுவுல புடுங்கிட்டுப் போறது ஆர்வோவுக்கு நடந்தது போதாதாய்யா, எனக்கும் நடக்கணுமா?" என்றான். லெம்பியிடம் வந்து சொன்னேன், அழுவாள் என்று நினைத்தேன், "அவன் சொல்றது ஞாயந்தான், படிக்கட்டும்" என்றாள். அந்த வாரம் பார்த்துப் பெரிய பனிப்புயல் வேறு, அவனுக்கு வண்டியை விட்டு இறங்கவே நேரமில்லை. லெம்பி தினமும் கடைக்கு வந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ரொட்டி உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். அவள் கையை நீட்டவில்லை, "முடிவு எப்படிப்பா?" என்று மட்டும் கேட்டாள். பென்ஹேல் தொப்பியைக் கழற்றினான். அவன் தலையை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. "உங்க வீட்டுக்காரரு சரியான எடத்துல எறங்கிட்டாரும்மா. அதுக்கு மேல வண்டி நேரா பள்ளத்துக்குள்ள போவுது. கடைசி நாப்பது பக்கம் சுத்தக் குப்பை. முடிச்சதுக்கு எனக்குப் பல்லோட தலையும் வலிக்குது" என்றான். லெம்பி அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "அந்த மனுசனுக்கு எப்பவும் அப்படித்தான், சினிமால கூட நல்ல எடம் முடிஞ்சதும் தூங்கிடுவாரு" என்றாள். மீன் சீட்டை எடுத்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள், புத்தகத்தில் விலைச் சீட்டை ஒட்டி அவளே அலமாரியில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அதை நான் வாங்கி வந்துவிட்டேன். கிர்ஸ்டி, அந்தக் கடைசி நாற்பது பக்கம் இருக்கிறதே, அவ்வளவு அருமையான ஒன்றை நான் இந்த வயதுவரை படித்ததில்லை. அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கு கருகி, புகை எச்சரிக்கை மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. மறுநாள் பென்ஹேலிடம் போய், ஏண்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "ஒங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். புத்தகத்தை நம் வீட்டு ஹீட்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது, தெரிந்தால் முடிதிருத்தும் கடைவரை போய்விடும். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் நீ ஒருத்திதான்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். நல்ல உடம்போடும் நிறைய சிரிப்போடும் நீங்கள் நீண்டநாள் இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று. ஜூனில் நீ வரும்போது லெம்பி உன்னைக் கட்டிப்பிடித்துவிட்டு இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வாள். மீதி எல்லாம் வெறும் குப்பையாம் என்பாள். நீ அவள் முகத்தை நேராகப் பார்த்து, ஆமாம், அப்பாவும் அதைத்தான் எழுதியிருந்தார் என்று சொல்லிவிடு.

உன் பாசமுள்ள அப்பா,
டேல்